ஆட்டம் முடிந்தது... ஹார்டு டிஸ்க் நிறைந்தது!

சென்னை ரிச்சி தெரு. சனிக்கிழமை மாலைக் கூட்டம். சார்ஜர்களும் கேபிள்களும் பழைய லேப்டாப் திரைகளும் குவிந்துகிடக்கும் ஒரு கடையின் கவுன்டரில், தோள்பையைக்கூட இறக்கி வைக்காமல் நிற்கிறார் ஒரு கல்லூரி மாணவர். கையில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்.

“அண்ணே, இதுல ஒரு வீடியோ ஓப்பன் ஆக மாட்டேங்குது. எடுத்துத் தர முடியுமா?”

“கல்யாண வீடியோவா தம்பி?”

“இல்லண்ணே... கேம் ஆடுனது.”

கடைக்காரர் டிஸ்க்கைச் செருகுகிறார். 931 ஜிபியில் மிச்சம் 6 ஜிபி. பட்டை சிவந்து கிடக்கிறது. உள்ளே வரிசையாக ஃபைல்கள். எதற்கும் பெயர் வைக்கப்படவில்லை, தேதியும் நேரமும்தான் பெயர். கடைசி ஃபைல் மட்டும் 57 ஜிபி. க்ளிக் செய்தால் பிளேயர் திறக்கிறது, படம் வரவில்லை.

“ரெண்டே முக்கா மணி நேரம் ஓடுச்சுண்ணே. கரெக்டா ஜெயிக்கிற நேரத்துல கரண்ட் போயிடுச்சு.”

“சரி... மத்த ஃபைலெல்லாம் என்ன? தேவையில்லாதத அழிச்சா இடம் வருமே?”

“அதெல்லாம் இன்னும் பாக்கலண்ணே.”

பார்க்காத ஆட்டங்கள் டிஸ்க்கை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பார்க்க ஆசைப்பட்ட ஒன்று திறக்க மறுக்கிறது. ரெக்கார்டு பட்டனை அழுத்துகிற பெரும்பாலானோர் சீக்கிரத்திலேயே வந்துசேரும் இடம் இது. பட்டனுக்குப் பஞ்சமில்லை. ஐபோனில் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதலும், ஆண்ட்ராய்டில் 2020-ல் வந்த 11-வது பதிப்பு முதலும் ஸ்கிரீன் ரெக்கார்டர் போனுக்குள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் இலவசம். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் அதற்கென்றே தனி பட்டன். எடுப்பது இவ்வளவு சுலபமாகிவிட்டது. எடுத்ததை எங்கே வைப்பது?

2025-ல் இந்தக் கேள்வி இரண்டு பக்கமிருந்தும் நெருக்கியது. கேம் வீடியோக்களின் பெரிய வீடான ட்விட்ச், சேமிப்புக்கு 100 மணி நேர உச்சவரம்பு போட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போக, அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு எஸ்எஸ்டியும் ரேமும் விற்றுவந்த தன் ‘க்ரூஷியல்’ பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. ‘இன்னொரு டிஸ்க் வாங்கிக்கலாம்’ என்ற பழைய தீர்வு பர்ஸைக் கடிக்கத் தொடங்கியிருக்கிறது.

மணிக்கு 1.3 டெராபைட்

1080பி திரையில் இருப்பவை 20,73,600 புள்ளிகள். புள்ளி ஒன்றின் நிறத்துக்கு 3 பைட் என்றால், ஒரு ஃப்ரேமுக்கே 62 லட்சம் பைட்டுகள் ஆகின்றன. விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடினால் 373 எம்பி. சுருக்காமல் அப்படியே எழுதினால் நிமிடத்துக்கு 22 ஜிபி, மணிக்கு 1.3 டெராபைட்டுக்கு மேல். அவ்வளவு வேகமாக எழுத சாதாரண சுழலும் ஹார்டு டிஸ்க்கால் முடியாது.

எனவே சுருக்கியே ஆக வேண்டும். ஆனால், சுருக்குவதற்கும் பிராசஸர் உழைக்க வேண்டும். அதுவோ ஏற்கெனவே கேமை ஓட்டிக்கொண்டிருக்கிறது. 1999-ல் வந்து பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த ‘ஃப்ராப்ஸ்’ மென்பொருள் இதற்குக் கண்ட வழி, லேசாகச் சுருக்கி டிஸ்க்கின் தலையில் கட்டிவிடுவது. சில நிமிட ஆட்டத்துக்கே 4 ஜிபி துண்டு ஒன்று வந்து விழும். அந்தக் காலத்து யூடியூபர்கள் ஆடிய நேரத்தைவிட டிஸ்க்கைக் காலி செய்த நேரம் அதிகமாக இருந்திருக்கும்.

2012-ல் என்விடியா தன் கிராஃபிக்ஸ் சிப்புக்குள் ‘என்வெங்க்’ என்ற தனிச் சுருக்கும் பகுதியை வைத்ததும் கதை மாறியது. கேமின் வேகத்தை அதிகம் கெடுக்காமல், ஓடும்போதே சுருக்கிவிடும் வசதி அது. அடுத்த ஆண்டு அதைப் பயன்படுத்தும் என்விடியாவின் ‘ஷேடோபிளே’ ரெக்கார்டர் வந்தது. இன்டெல்லிலும் ஏஎம்டியிலும்கூட இதே வசதி உண்டு. ஃப்ராப்ஸின் கடைசிப் பதிப்பு 2013-ல் வெளியானதைத் தற்செயல் என்று சொல்ல மனம் வரவில்லை.

புல்லும் மழையும் தின்னும் இடம்

சுருக்கும் பகுதி என்ன செய்கிறது? ஒரு ஃப்ரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த ஃப்ரேம்களில் என்ன மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்கிறது. மூலையில் அசையாமல் நிற்கும் மேப், உயிர்ப் பட்டை, தோட்டா எண்ணிக்கை இதற்கெல்லாம் ஏறக்குறைய செலவே இல்லை. கேமரா நேராக நகர்ந்தால் ‘இந்தக் கட்டம் அங்கே போயிருக்கிறது’ என்று ஒரு வரியில் முடித்துவிடும்.

அதைத் திணறடிக்க வேண்டுமானால் கார் ரேஸ் கேமில் 200 கி.மீ வேகத்தில் ஒரு புதரோரமாகப் போய்ப் பாருங்கள். ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு திசையில் பறக்கும். மழை, பனி, வெடித்துச் சிதறும் பொறிகள், வெற்றிக்குப் பிறகு கொட்டும் வண்ணக் காகிதங்கள் எல்லாமே இப்படித்தான். முந்தைய ஃப்ரேமை வைத்து அடுத்ததை ஊகிக்க வழியே இல்லை. செஸ் ஆட்டத்துக்கு எக்கச்சக்கமாகத் தெரியும் ஒரு செட்டிங், அடர்ந்த காட்டில் நடக்கும் துப்பாக்கிச் சண்டைக்குப் போதாமல் படத்தைக் கட்டம் கட்டமாக உடைத்துவிடும். ‘எல்லா கேமுக்கும் பெஸ்ட் செட்டிங்’ என்று தலைப்பு வைக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள் என்பது அதனால்தான்.

ஃபைலின் எடையைத் தீர்மானிப்பது யார்?

எத்தனை மணி நேரம் ஆடினோம் என்பதுதான் ஃபைலின் அளவைத் தீர்மானிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால், அதே ஒரு மணி நேரத்தை 4 ஜிபியிலும் அடக்கலாம், 40 ஜிபியிலும் அடக்கலாம். நடுவில் நிற்பது பிட்ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை மெகாபிட் எழுத வேண்டும் என்ற எண். அதைப் பதிவு தொடங்கும் முன்பே நாம் (அல்லது நமக்குப் பதிலாக யாரோ ஒரு டுடோரியல்காரர்) முடிவு செய்துவிடுகிறோம்.

பெரிய குழப்பம் லைவ் ஸ்ட்ரீமிங்கில் இருந்து வருகிறது. லைவ் போகும்போது இணைய இணைப்பு சீராக ஓட வேண்டும் என்பதால், எப்போதும் ஒரே பிட்ரேட்டில் அனுப்பும் ‘சிபிஆர்’ முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதையே ரெக்கார்டிங்குக்கும் வைத்தால் வீண். கேமை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன அரை மணி நேரத்துக்கும் அது முழு எடையில் ஃபைலை நிரப்பிக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் சேமிப்பவர்களுக்கு ஏற்றது தரத்தை நிலையாக வைத்து அளவை ஏற இறங்க விடும் முறை. ஓபிஎஸ்ஸில் ‘சிக்யூபி’, ‘சிஆர்எஃப்’ என்ற பெயர்களில் இருக்கும். மெனு திரையில் சில நூறு கிலோபிட்டில் தூங்கும். சண்டை வந்தால் துள்ளி எழும்.

இந்த முறைகளில் பிட்ரேட்டுக்குப் பதிலாக நாம் கொடுக்கும் எண் கூடினால் தரம் குறையும் என்பதை மட்டும் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடாது. எக்ஸ்264 மென்பொருளின் சிஆர்எஃப்பில் எண்ணை 6 கூட்டினால் ஃபைல் ஏறக்குறைய பாதியாகும். 17-ல் வைத்துப் பதிவுசெய்துவிட்டு ‘டிஸ்க் பத்தல’ என்று புலம்புகிறவர், 23-ல் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தெரிகிறதா என்று தன் கண்ணாலேயே பார்த்துவிடுவது நல்லது. அந்த ஒரு நிமிடத்தைக் கேமின் மிகக் கலவரமான இடத்தில் எடுக்க வேண்டும், மெனுவில் எடுக்கக் கூடாது.

-------------------------------
கணக்குப் பெட்டி: ஒரு மணி நேரப் பதிவு எவ்வளவு?

6 எம்பிபிஎஸ்: 2.7 ஜிபி
12 எம்பிபிஎஸ்: 5.4 ஜிபி
20 எம்பிபிஎஸ்: 9 ஜிபி
50 எம்பிபிஎஸ்: 22.5 ஜிபி
100 எம்பிபிஎஸ்: 45 ஜிபி

மெகாபிட்டை 0.45-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 1080பி, 60 ஃப்ரேம் வீடியோவை ஏற்ற யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட் 12 எம்பிபிஎஸ். எடிட்டிங்கில் இன்னொரு முறை சுருக்கப்போகிறோம் என்பதால் மூலப் பதிவு அதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருப்பது நியாயம். நான்கு மடங்கு தேவையா என்பதை யோசிக்கலாம்.
-------------------------------

ஆடியோவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 160 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணி நேர ஒலிக்கு ஆவது 72 எம்பிதான். கேம் சத்தத்தைத் தனி ட்ராக்கிலும் உங்கள் குரலைத் தனி ட்ராக்கிலும் பதிவுசெய்தால் டிஸ்க்குக்குத் தெரியக்கூடத் தெரியாது. குரல் நடுவே குக்கர் விசில் அடித்த அன்றைக்குத்தான் அதன் அருமை புரியும்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

ரிச்சி தெரு மாணவரின் 57 ஜிபி ஏன் திறக்கவில்லை? எம்பி4 ஃபைல், பொருளடக்கத்தைக் கடைசியாக எழுதும் புத்தகம் மாதிரி. எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் பதிவை நிறுத்தும்போதுதான் அது எழுதி முடிக்கும். நடுவில் மின்சாரம் போனாலோ, கம்ப்யூட்டர் தொங்கினாலோ, டிஸ்க் நிறைந்துபோனாலோ அந்தப் பட்டியல் இல்லாமலே ஃபைல் நின்றுவிடும். காட்சிகள் உள்ளே இருக்கும். பிளேயருக்கு வழி தெரியாது. சில நேரம் ரெக்கவரி மென்பொருள்கள் மீட்டுத் தரும், சில நேரம் கைவிரித்துவிடும்.

ஓபிஎஸ்ஸில் எம்கேவி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த நொடி வரை எழுதியது தப்பும். பிறகு அதே மென்பொருளில் ‘ரீமக்ஸ்’ கொடுத்தால் தரம் சிறிதும் குறையாமல், சில நிமிடங்களில் எம்பி4 ஆகிவிடும். 2024-ல் வந்த 30.2 பதிப்பில் ‘ஹைபிரிட் எம்பி4’ என்ற வழியும் சேர்ந்திருக்கிறது. நடுவில் அறுந்தாலும் தாங்கும். ரீமக்ஸ் செய்யும் வேலையும் மிச்சம். சொல்லாமல் கொள்ளாமல் மின்வெட்டு வரும் ஊரில் இருப்பவர்கள் வேறெந்த செட்டிங்கைத் தொடாவிட்டாலும் இதைத் தொட வேண்டும். ஃபைலின் வடிவத்தை மாற்ற இரண்டு க்ளிக் போதும். யுபிஎஸ் வாங்குவதைவிட மலிவு.

ஏற்றவும் முடியாது, அனுப்பவும் முடியாது

வீட்டு இணைப்பில் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். 50 எம்பிபிஎஸ்ஸில் பதிந்த ஒரு மணி நேர வீடியோவை அப்படியே ஏற்ற இரண்டரை மணி நேரம் ஆகும். போன் ஹாட்ஸ்பாட்டில் 4 எம்பிபிஎஸ்தான் கிடைக்கிறது என்றால் பன்னிரண்டரை மணி நேரம். யூடியூப் தன் பங்குக்கு ஒரு வீடியோவுக்கு 256 ஜிபி அல்லது 12 மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. நம்மூர் இணைப்பில் அந்த எல்லையைத் தொடுவதற்குள் பொறுமை எல்லையைத் தொட்டுவிடும்.

எடிட்டர் வேறு ஊரில் இருந்தால் தலைவலி இன்னும் அதிகம். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைலுக்கு 2 ஜிபிதான் எல்லை. அதுவும் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால்தான் தரம் பிழைக்கும். டெலிகிராமில் இலவசக் கணக்குக்கு அதே 2 ஜிபி. கூகுள் கணக்கோடு வரும் இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயிலும் போட்டோக்களும் அதில்தான் பங்கு போடுகின்றன. கடைசியில் பென்டிரைவில் ஏற்றி பஸ் பார்சலில் அனுப்பலாம் என்றால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. 64 ஜிபி காலியாக இருக்கும்போதே ‘ஃபைல் ரொம்பப் பெரிசு’ என்று கம்ப்யூட்டர் மறுக்கும். டிரைவ் பழைய ‘ஃபேட்32’ முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது. ‘எக்ஸ்ஃபேட்’டுக்கு மாற்றினால் சரியாகும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மாற்றவும்.

போனில் ஆடிப் பதிபவர்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் உண்டு. போன் சூடாகும்போது ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும். ரெக்கார்டரும் அதே போக்கில் பதிந்துவிடும். எடிட்டிங் மென்பொருளில் போட்டால் துப்பாக்கி வெடித்து அரை விநாடி கழித்து ‘டுமீல்’ கேட்கும். ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டால் பிரச்னை தீரும், ஃபைலும் பெரும்பாலும் சுருங்கும்.

சின்ன ஃபைல், பெரிய திணறல்

வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறையான கோடெக் பற்றி, ‘எச்.264 பழசாகிவிட்டது, புது கோடெக்குக்கு மாறுங்கள்’ என்ற அறிவுரை எங்கும் கேட்கிறது. எச்.264 பிறந்தது 2003-ல், எச்இவிசி 2013-ல், உரிமக் கட்டணம் இல்லாத ஏவி1 2018-ல். அதே தரத்தைக் குறைந்த இடத்தில் அடக்குவதில் புதியவை கெட்டிக்காரர்கள்தான். 2022-க்குப் பிறகு வந்த பல கிராஃபிக்ஸ் கார்டுகள் ஏவி1-ல் நேரடியாகவே பதிகின்றன.

ஆனால், அப்படிச் சுருக்கியதை விரிக்கவும் உழைப்பு வேண்டும். பழைய லேப்டாப்பில் ஏவி1 ஃபைலை டைம்லைனில் போட்டு இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் படம் உறைந்து நிற்கும். டிஸ்க்கில் மிச்சம் பிடித்ததை எடிட்டரின் இரவுத் தூக்கத்தில் கட்டுகிறோம். மங்கலான சிறு நகலை (‘ப்ராக்ஸி’) வைத்து எடிட் செய்துவிட்டு, கடைசியில் அசலை மாற்றிக்கொள்வது ஒரு வழி. அந்த நகலுக்கும் இடம் வேண்டும் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. பழைய கம்ப்யூட்டரில் எடிட் செய்பவருக்கு என் ஓட்டு இன்னும் எச்.264-க்குத்தான்.

100 மணி நேரம்: ட்விட்ச் போட்ட கோடு

இடப் பஞ்சம் தனிமனிதருக்கு மட்டுமல்ல. 2014 ஆகஸ்டில் ட்விட்ச், பழைய ஒளிபரப்புகளைக் காலவரையின்றி வைத்திருக்கும் வழக்கத்தை நிறுத்தியது. அப்போது அது சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. தன் சேமிப்பிடத்தில் 80 சதவிகிதத்தை, யாருமே பார்க்காத பழைய ஒளிபரப்புகள் நிரப்பியிருக்கின்றன என்றது. அமேசான் அந்த நிறுவனத்தை 97 கோடி டாலருக்கு வாங்கும் செய்தி வந்ததும் அதே மாதம்தான்.

அதற்குப் பிறகு, வேண்டிய பகுதிகளை ‘ஹைலைட்’டாக வெட்டி வைத்தால் அது என்றைக்கும் இருக்கும் என்பதே நடைமுறையாக இருந்தது. 2025 பிப்ரவரியில் அதற்கும் வரம்பு வந்தது. ஹைலைட்டும் அப்லோடும் சேர்த்து ஒரு சேனலுக்கு 100 மணி நேரம். ஏப்ரல் 19-க்குப் பிறகு மிஞ்சியவை, குறைவாகப் பார்க்கப்பட்டவற்றில் தொடங்கி, தானாக அழிக்கப்படும் என்றார்கள். பாதிக்கப்படுவது இயங்கும் சேனல்களில் 0.5 சதவிகிதத்துக்கும் குறைவு என்றது நிறுவனம்.

எண்ணிக்கையில் அது சிறிதுதான். ஆனால், அந்தச் சிறு கூட்டத்தில் ‘ஸ்பீட்ரன்’ ஆட்டக்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். ஒரு கேமை உலகிலேயே வேகமாக முடித்தேன் என்பதற்கு வீடியோதான் சாட்சி. சாதனைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் லிங்க் பலருக்கும் ட்விட்ச் ஹைலைட்டுக்குத்தான் போகும். வீடியோ போனால் சாதனைக்கு ஆதாரம் போச்சு. அதிலும் ‘குறைவாகப் பார்க்கப்பட்டது முதலில்’ என்ற விதி இவர்களுக்கென்றே செய்தது போல அமைந்தது. யாரும் ஆடாத ஒரு பழைய கேமில் பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் படைத்த சாதனையை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? அந்த வாரங்களில் பலரும் தங்கள் வீடியோக்களை அவசரமாக இறக்கி யூடியூபுக்கு மாற்றினார்கள். அதாவது ஒரு நிறுவனத்தின் டிஸ்க்கில் இருந்து இன்னொரு நிறுவனத்தின் டிஸ்க்குக்கு.

-------------------------------
பழைய தந்திரம்: 5 லட்சம் பைட்டில் ஒரு மணி நேரம்

1993-ல் வந்த ‘டூம்’ கேம், ஆட்டத்தைப் பதிவுசெய்யப் படத்தைச் சேமிக்கவே இல்லை. ஆடுபவர் எந்த நொடியில் எந்தப் பக்கம் நடந்தார், திரும்பினார், சுட்டார் என்பதை மட்டும் விநாடிக்கு 35 முறை, முறைக்கு 4 பைட் வீதம் எழுதியது. ஒரு மணி நேரத்துக்கு 5,04,000 பைட்டுகள். இன்றைய 50 எம்பிபிஎஸ் பதிவு அதைப் போல 44,000 மடங்குக்கும் அதிகம்.

கேம் அந்தக் கட்டளைகளை மறுபடி ஓட்டிக் காட்டும். ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ டெமோக்களும் படத்தைச் சேமிப்பதில்லை. ஆட்டத்தில் நடந்ததைத் தகவலாகவே எழுதி வைக்கின்றன. இந்த முறைக்கு ஒரு சிக்கல் உண்டு. கேமின் பதிப்பு மாறினால் பழைய கட்டளைகள் பொருந்தாமல் போகும். டூம் வீரர் சுவரில் முட்டிக்கொண்டு, இல்லாத எதிரியைச் சுட்டுக்கொண்டே இருப்பார்.
-------------------------------

நடந்த பிறகு பதிவுசெய்தால்?

ட்விட்ச் சொன்ன ‘யாருமே பார்க்காத 80 சதவிகிதம்’தான் ரிச்சி தெரு ஹார்டு டிஸ்க்கிலும் உட்கார்ந்திருக்கிறது. கோடெக்கை மாற்றியும் எண்ணைத் திருகியும் அதைப் பாதியாக்கலாம். பார்க்காத 900 ஜிபி பார்க்காத 450 ஜிபி ஆகும், அவ்வளவுதான். ஆறு மணி நேரப் பதிவில் பத்து நிமிட வீடியோ தேற வேண்டுமானால் யாராவது அந்த ஆறு மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். யாரும் பார்ப்பதில்லை. அதனால் அழிக்கவும் மனம் வருவதில்லை.

என் கணக்கில் இந்தத் துறையின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு எந்தக் கோடெக்கும் அல்ல, ‘ரீபிளே பஃபர்’தான். கடைசிச் சில நிமிடங்களை மட்டும் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, பழையதை அழித்து அழித்து எழுதும். அசத்தலாக ஒன்று நடந்தால், நடந்த பிறகு பட்டனை அழுத்தினால் போதும். அந்த நிமிடங்கள் மட்டும் ஃபைலாகும். ஷேடோபிளே 2013-லேயே இப்படி 20 நிமிடம் வரை பின்னோக்கிச் சேமித்தது. ஓபிஎஸ்ஸிலும் இருக்கிறது. 2024 நவம்பரில் கேம் விற்கும் தளமான ஸ்டீம் தன் செயலிக்குள்ளேயே இந்தப் பின்னணிப் பதிவைக் கொண்டுவந்தது. ஒத்துழைக்கும் கேம்களில், முக்கியச் சம்பவங்களை அதுவே டைம்லைனில் குறித்து வைக்கும்.

முழு ஆட்டமும் வேண்டும் என்பவர்கள், நீண்ட கதை கேம்களைத் தொடராகப் போடுகிறவர்கள், ஹைபிரிட் எம்பி4-ல் ஹாட்கீ அழுத்தி அத்தியாயக் குறி போட்டுக்கொண்டே ஆடலாம். ஆறு மணி நேரத்தைத் துழாவும் வேலை பத்துக் குறிகளைப் பார்க்கும் வேலையாகச் சுருங்கும். பதிவு முடிந்த அன்றே குறி இருக்கும் இடங்களைத் தரம் குறையாமல் வெட்டியெடுக்க ‘லாஸ்லெஸ்கட்’ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மறுபடி சுருக்காமல் அறுத்துத் தருவதால் பெரிய ஃபைலும் சில நொடிகளில் துண்டாகிவிடும்.

எஸ்எஸ்டியில் தினமும் எழுதினால் தேய்ந்துவிடுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். 1 டெராபைட் எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 600 டெராபைட் வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 2 மணி நேரம், 50 எம்பிபிஎஸ்ஸில் பதிந்தால் ஆண்டுக்கு 16 டெராபைட் சொச்சம். அந்தக் கவலையை 30 ஆண்டு கழித்துப் படலாம்.

இப்போதே பட வேண்டிய கவலை வேறு. ‘வீடியோ யூடியூபில் இருக்கே, மூலத்தை அழிச்சிடலாம்’ என்று பலரும் துணிந்துவிடுகிறார்கள். யூடியூப் ஸ்டூடியோவில் உங்கள் சொந்த வீடியோவுக்கு ‘டவுன்லோடு’ கொடுத்தால் கைக்கு வருவது 720பி அல்லது 360பிதான். 4கே-யில் ஏற்றியிருந்தாலும் அப்படித்தான். பார்க்காத மூலப் பதிவுகளைத் தாராளமாக அழியுங்கள். எடிட் முடித்து ஏற்றிய அந்த இறுதி ஃபைல் மட்டும், 12 எம்பிபிஎஸ்ஸில் பத்து நிமிடத்துக்கு 900 எம்பிதான் ஆகும், உங்கள் டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.